கானோரத்துச் சிவப்புத் துணி

லிந்துலை
12-2-1937

தங்கை பூரணிக்கு அண்ணன் நாகலிங்கம் எழுதுவது.

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். நான் அன்னம்மாவைக் கட்டிய நாளிலிருந்து உன் பேனாவில் மை வற்றிப்போயிற்று. இப்போதும் பாசம் பொங்கி எழுதவில்லை. வியாபாரம் எழுத வைக்கிறது.

உங்கள் ஊசிப்பாறைத் தோட்டத்துத் துரை என் கடை மூலமாகப் புல் மருந்து எடுத்திருக்கிறார். நாலு டின் தலவாக்கொல்லையில் ரயிலேற்றியாயிற்று. இனிமேல் புல்லு வெட்ட ஆட்களுக்குக் கொந்தரப்புக் கூலி கிடையாதாம், மருந்தடித்தே கருக்கிவிடப் போகிறார்களாம். அந்த வேலை மாப்பிள்ளை பொறுப்பு. அவர் பெரிய கங்காணி, தோட்டமே அவர் சொல்லுக்கு நிற்கும். ஆனால் ஒரு வரி வாசிக்க உன்னைத்தான் கூப்பிட வேண்டும். ஆகையால் உனக்கு எழுதுகிறேன். அவர் சாப்பிட்டு வெற்றிலை போடும் நேரம் பார்த்து ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு.

இது பாஷாணத்தில் செய்தது. பார்த்தால் கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். வாடை கிடையாது. நாக்கில் பட்டால் லேசாக உப்புக் கரிக்கும். அதனால் மாடு கன்று இந்தப் புல்லைத் தேடிப்போய்த் தின்னும், தின்றால் பிழைக்காது. புல்லும் உடனே கருகாது. அடித்த பிறகு நாலைந்து நாள் பச்சைப் பசேலென்று நிற்கும். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாட்கள்தான் மோசமான நாட்கள்.

அடிக்கிறவன் கை காலெல்லாம் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக்கூடாது. முதுகில் சுமக்கும் டின் ஒழுகினால் அப்போதே இறக்கிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் தோள் புண்ணாகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்கக்கூடாது, பீடியும் தொடக்கூடாது. வெறும் டின்னை லயத்து வீடுகளில் இருக்கிற கூலி ஜனங்கள் தண்ணீர் பிடிக்கக் கேட்பார்கள். கொடுக்கவே கூடாது. ஆணியால் ஓட்டை போட்டுப் புதைக்க வேண்டும். அடித்த இடத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். எழுத்துத் தெரியாதவனுக்கும் சிவப்பு புரியும். இது என் யோசனை. துரையும் சரியென்று சொன்னார்.

இனி என் விஷயம். சீதாலெட்சுமியை அனுப்பு. அவள் அம்மா செத்தபோது ஆறு மாதத்துக்கு என்று தூக்கிக்கொண்டு போனாய். மூன்று வருஷம் ஆயிற்று. ஒன்பது வயசுப் பெண் அப்பன் வீட்டில் வளர வேண்டாமா? அன்னம்மா அவளுக்குப் பாவாடை தைத்து வைத்திருக்கிறாள்.

நாகலிங்கம்


ஊசிப்பாறைத் தோட்டம், நல்லதண்ணி
19-2-1937

அண்ணனுக்குப் பூரணி எழுதுவது.

டின் வந்தது. கடிதமும் வந்தது. வாசித்துக் காட்டினேன். தேங்காயெண்ணெய் வரியில் அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது. "ஒங்கண்ணன் என்ன, மருந்தடிக்க ஆள் கேக்குறாரா, மாப்பிள்ளை அழைப்புக்கு ஆள் கேக்குறாரா? எண்ணெய் பூசி சோப்புப் போட்டு அனுப்ப இவனுங்க யாரு?" என்றார். துரை எண்ணெய்க்குக் காசு தரமாட்டார், இவர் எதற்குத் தர வேண்டும்? கொட்டினால் கானில் தண்ணீர் ஓடுகிறது, கழுவிக்கொள்ளட்டும்.

ஆனால் உன் சிவப்புத் துணியை மட்டும் கட்டினார். துரை கேட்டாரே. அதனால் வந்த கூத்தைக் கேள். எங்கள் வீட்டுக்குக் கீழே, மழைத் தண்ணீர் போக வெட்டிய பெரிய கான் இருக்கிறதல்லவா, முதலில் அதன் ஓரமாகத்தான் மருந்தடித்துக் கம்பு நட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் கம்படியில் சூடம் எரிகிறது. அதற்கு மறுநாள் தேங்காய் மூடி. கேட்டால், தேயிலை ஆலையைக் காக்கிற ரோதைமுனி கானோரம் இறங்கி வந்துவிட்டாராம், கங்காணியார் காவலுக்குத் துணி கட்டியிருக்கிறாராம்! இந்த மலையில் சிவப்புத் துணியை வேறு எதற்குக் கட்டுவார்கள், சாமிக்குத்தான் கட்டுவார்கள். இத்தனை வருஷம் லயத்துக்காரர்களுக்குச் சாமான் விற்கிற உனக்கு இது தெரியவில்லையே என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். அவர் யாரையும் திருத்தவில்லை. சாமி பயத்தில் யாரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள், அதுவும் நல்லதுக்குத்தான் என்றார்.

சீதையை அனுப்பமாட்டேன். பாவாடை தைத்து வைத்திருக்கிறாளாமே, வட்டகொடை ஸ்டேஷனில் தேத்தண்ணி ஆற்றுகிறவன் மகள்! ரயில் நிற்கிற நேரத்துக்குள் கிளாஸ் கழுவிப் பழகிய கை, தையலும் அந்த வேகத்தில்தான் இருக்கும். அவளை மதினி என்று கூப்பிட என் வாய் வராது. சீதையை அம்மா என்று கூப்பிடச் சொல்லி நீ அடிப்பாய்.

எனக்கு இங்கே இருக்கிற தலைவலி வேறு. ராசம்மா என்று ஒருத்தி, புருஷன் போன காய்ச்சலில் போய்விட்டான், இடுப்பில் ஒரு பிள்ளை. கீழ் லயத்தில் இருக்கிறாள். சீதை எந்நேரமும் அங்கேதான். ராசம்மாக்கா, ராசம்மாக்கா என்று அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். இங்கே நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் நாலு வாய்தான் இறங்கும். அங்கே போய் ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு வருகிறாள். கூப்பிட்டு விசாரித்தேன். அந்த ராசம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "பிள்ளைக்குப் பாசம் வச்ச எடத்துல பசிக்குதுங்க, நான் என்ன பண்றது?" என்றாள். என் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்த்து. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பூரணி


லிந்துலை
27-2-1937

தங்கைக்கு,

உன் கடிதத்தை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமி பயத்தில் காலெடுத்து வைக்கமாட்டார்கள் என்று மாப்பிள்ளை எப்படிச் சொல்கிறார்? சாமி இருக்கும் இடத்துக்குத்தானே ஜனம் போகும்? துணி யோசனை என்னுடையது. புத்தி கெட்ட யோசனை என்று சொன்னால் சொல்லிக்கொள். ஆனால் இனிமேல் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். காலையில் பெரட்டுக்கு எல்லோரும் வந்து நிற்பார்களே, அங்கே மாப்பிள்ளை வாயைத் திறந்து, "அது சாமி இல்லை, விஷம்" என்று தமிழில் சொன்னால் போதும். அதற்குத் துரையும் வேண்டாம், எண்ணெய்க் காசும் வேண்டாம்.

என் சரக்கால் யாராவது செத்தால் அடுத்த ஓடர் வராது. அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன், ஒளிக்கவில்லை.

சீதையை வைத்துக்கொண்டு நீ அவளைக் கெடுக்கிறாய். அவளுக்கு லயத்தில் சோறு ருசிக்கிறதென்றால் உன் வீட்டுச் சோற்றில் என்ன குறை என்று யோசி. கோபப்படாதே, அண்ணன் சொல்லாமல் யார் சொல்வார்கள்: பன்னிரண்டு வருஷமாக உனக்கு ஒன்று பிறக்கவில்லை, அதற்கு என் பிள்ளை ஈடாகாது. அன்னம்மா தேத்தண்ணி ஆற்றுகிறவன் மகள்தான். அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருவரையும் இளக்காரமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதை நீ இரண்டு பக்கக் கடிதத்தில் செய்து முடித்துவிட்டாய்.

பங்குனி பிறக்கும் முன்னால் பிள்ளையை அனுப்பிவிடு.

நாகலிங்கம்


ஊசிப்பாறைத் தோட்டம்
6-3-1937

அண்ணனுக்கு,

எனக்குப் பிறக்கவில்லை என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? மாமியார் சொன்னாள், பொறுத்தேன். கோயிலில் சொன்னார்கள், பொறுத்தேன். கூடப் பிறந்தவன் ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறான்! அந்த வரியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. உன்னுடைய மானத்துக்காக இல்லை, என்னுடைய மானத்துக்காக.

போகட்டும். நீ பதறியதற்குத் தகுந்த மாதிரி ஒன்று நடந்தது. பேச்சியம்மா என்கிறவளின் பசு கானோரம் மேய்ந்துவிட்டு வந்து தொழுவத்தில் விழுந்து உதைத்துக்கொண்டது, விடிவதற்குள் முடிந்தது. சினைப் பசு. அவள் போட்ட ஓலம் பங்களா வரை கேட்டிருக்கும். முனி எடுத்துக்கொண்டது என்று லயமே சொன்னது. இவரும் ஆமாம் முனிதான் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார், உன் கடிதம் வந்து கெடுத்தது. நான் வாசித்ததும் கொஞ்சம் யோசித்தார். திங்கட்கிழமை பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி, "செவப்புத் துணி கட்டுன எடத்துல புல்லு அறுக்காதே, கீரை பறிக்காதே, அது சாமியில்ல, வெசம்" என்று நாலு தரம் கத்தினாராம். பசு செத்த பயத்தில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்களாம். ஆக, உன் சொல்லை நிறைவேற்றியாயிற்று. திருப்திதானே?

என் தலைவலியும் தீர்ந்தது. ராசம்மா பெயரை அதற்கு முந்தின வாரமே செக்ரோல் பதிவிலிருந்து வெட்டியாயிற்று. கொழுந்தில் முற்றல் இலை கலந்தாள் என்று காரணம். கலந்தாளோ இல்லையோ, கணக்கு எழுதுகிற கண்டாக்கையா இவர் சொன்னால் எழுதிக்கொள்வார். தோட்டத்தை விட்டுப் போக மாதக் கடைசி வரை தவணை. அதுவரை கானுக்குப் பக்கத்திலிருக்கிற பழைய மாட்டுக் காம்பராவில் கிடக்கட்டும் என்று தள்ளிவிட்டோம். அவளோடு பேச்சு வைத்துக்கொண்டால், நெருப்புக் கொடுத்தால், அவர்கள் பெயரும் வெட்டு என்று சொல்லியாயிற்று. ஒரு குஞ்சு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நம் சீதை மட்டும் ஒரு நாள் அழுதுகொண்டே கேட்டாள், "ராசம்மாக்காவுக்குப் பெரட்டுல சொன்னத யாரு அத்தே சொல்லுவா?" என்று. பெரட்டில் நிற்கத் தகுதியில்லாதவளுக்குப் பெரட்டுச் சேதி எதற்கு என்று கேட்டேன். போய்ப் படுத்துக்கொண்டாள்.

இப்போது பிள்ளை வீட்டோடு இருக்கிறாள். தலை வாரி விடுகிறேன், கதை சொல்கிறேன். சிவனொளிபாதத்துக்குப் போகிற ஜனத்தைப் பார்க்க ஆசைப்பட்டாள், நல்லதண்ணிக் கடைவீதிக்குக் கூட்டிப்போய் வளையல் வாங்கிக் கொடுத்தேன். அவளை நான் யாருக்கும் தரமாட்டேன் அண்ணா. வேண்டுமானால் போலீசோடு வா.

பூரணி


ஊசிப்பாறைத் தோட்டம்
16-3-1937

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை பூரணி அநேக நமஸ்காரம் சொல்லி எழுதுவது.

இந்தக் கடிதத்தோடு சீதாலெட்சுமியை அனுப்புகிறேன். வீரய்யா ஹட்டனில் ரயிலேற்றி, கூடவே வந்து உன் கடையில் விடுவான். மருந்தடிக்கிற ஆள் அவன், தோளெல்லாம் ரணம், சட்டை ஒட்டிக்கொண்டு வருகிறது. வேலைக்கு ஆகவில்லை, துணைக்கு ஆகட்டும் என்று அவர் அனுப்புகிறார். அவனைக் கடைக்குள் உட்கார வைத்து ஊர்க்கதை கேட்காதே.

பிள்ளைக்கு இரண்டு நாளாக மேல் சுடுகிறது. பனி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. பேச்சும் குறைந்துவிட்டது. நீயும் கேட்டுக்கொண்டே இருந்தாய், கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும். காய்ச்சலில் எதையாவது உளறினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உன் வீட்டுக்காரியையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

இன்னொன்று. சின்ன விஷயம்தான். அந்த ராசம்மா போன வியாழக்கிழமை வாந்தியும் பேதியுமாகக் கிடந்து வெள்ளிக்கிழமை போய்விட்டாள். அவள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பேச்சியம்மா வீட்டில் இருக்கிறது. வாந்திபேதி என்று துரை எழுதச் சொல்லிவிட்டார். ஆனால் டிஸ்பென்சரியில் பேரின்பநாயகம் என்று ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருக்கிறார், அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கே வந்து, "தங்கச்சி, உது வாந்திபேதி இல்லை. வாந்திபேதியெண்டால் லயத்திலை இன்னும் நாலு பேர் விழுந்திருப்பினம். சட்டியிலை வல்லாரை மிச்சம் கிடக்குது, அவள் அதை எங்கை புடுங்கினவள் எண்டு ஆரும் கண்டனீங்களோ?" என்று கேட்டார். நான் எங்கே கண்டேன்!

நீ ஒரு உபகாரம் செய். உன் கடைச் சீட்டில், இந்த மருந்து புல்லுக்கு மட்டும்தான், தண்ணீர் கலந்து அடித்தால் மனுஷருக்கு ஒன்றும் செய்யாது என்று நாலு வரி துரைக்கு எழுதிப் போடு. துரையே அதைத்தான் விரும்புகிறார். உனக்கும் அடுத்த ஓடர் வேண்டுமே.

சீதைக்குச் சூடாகக் கஞ்சி வைத்துக் கொடு. கீரை எதுவும் கொடுக்க வேண்டாம், வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள்.

உன் தங்கை பூரணி


லிந்துலை
29-3-1937

பூரணிக்கு,

நீ கேட்ட நாலு வரியை உன் கடிதம் வந்த அன்றே எழுதித் துரைக்குப் போட்டுவிட்டேன். தங்கை கேட்கிறாள், ஓடரும் போகக்கூடாது, எவளோ ஒருத்திக்கு வாந்திபேதி, நமக்கென்ன என்றுதான் எழுதினேன். சீதை வாயைத் திறந்தது அதற்குப் பிறகு.

வந்து நாலு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்னம்மா பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள், எதையும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அன்னம்மா சந்தையிலிருந்து வல்லாரை வாங்கி வந்து முற்றத்தில் ஆய உட்கார்ந்தாள். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு முறத்தைத் தட்டிவிட்டது. பிறகு அழுதாள், அழுதுகொண்டே சொன்னாள். நானும் நிலைப்படியில் நின்று கேட்டேன். அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். பொய் என்றால் பொய் என்று எழுது.

புதன்கிழமை சாயந்திரம், கானோரம் புதிதாகத் துளிர்த்திருந்ததற்கு மறுபடி மருந்தடித்தார்கள். வியாழன் காலையில் நீயும் அவளும் இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தீர்கள். கீழே ராசம்மா வந்தாள். பிள்ளை இடுப்பில். சிவப்புத் துணிக் கம்பின் முன்னால் நின்று, அது சாமி என்றே நினைத்துக்கொண்டு, கும்பிட்டாள். பிள்ளையின் கையையும் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்தாள். பிறகு குனிந்து வல்லாரையைப் பறித்து மடியில் கட்டினாள். பயத்தில் வேறு யாரும் பறிக்காததால் அங்கே அடர்ந்து கிடந்திருக்கும். வேலையில்லாதவள், அடுப்பில் போட வேறு என்ன இருந்தது?

"ராசம்மா" என்று சீதை வாயெடுத்தாள். நீ அவள் வாயைப் பொத்தினாய். "பெரிய கங்காணி வீட்டுப் பொண்ணு லயத்தாளக் கூவிக் கூப்பிடக்கூடாது" என்று சொன்னாய். உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தி, முறுக்கு எடுத்துக் கொடுத்தாய். "மருந்தடிச்ச எடந்தானே அத்தே, அக்கா செத்துப்போயிரும்" என்று பிள்ளை சொன்னாள். ஒன்பது வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது. "ஒண்ணும் ஆவாது, தின்னு" என்று சொன்னாயாமே.

என் கடிதத்தை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டியவள் நீதான். அந்தத் தோட்டத்தில் இந்த மருந்தைப் பற்றி உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் துரையைச் சேர்த்து ஒருவர் கிடையாது. இஸ்தோப்பிலிருந்து கான் கூப்பிடு தூரம்தான், நான் வந்து பார்த்திருக்கிறேன். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்.

இனிச் சீதையை நீ கேட்கவே கூடாது.

நாகலிங்கம்


ஊசிப்பாறைத் தோட்டம்
5-4-1937

அண்ணனுக்கு,

பிள்ளை பொய் சொல்லவில்லை. அவளுக்குப் பொய் சொல்ல நான் பழக்கவில்லை.

ஒரு சத்தம் போட்டிருக்கலாம் என்று லிந்துலையில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். பன்னிரண்டு வருஷமாக அந்த இஸ்தோப்பில் என் குரல் ஏறியதில்லை. குரல் ஏறுகிறவள் லயத்தாள், ஏறாதவள் கங்காணி வீட்டம்மா, இந்த மலையில் வித்தியாசம் அவ்வளவுதான். அவளுக்காகவா அதை விடுவேன்? என் முகத்தைப் பார்த்து என் வீட்டில் பாசம் இல்லை என்று சொன்னவளுக்காகவா? சாவாள் என்று நினைக்கவில்லை. தண்ணீர் கலந்ததுதானே, ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளட்டும், வந்து காலில் விழட்டும் என்று நினைத்தேன். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவருக்குக்கூடத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் கேட்கமாட்டார்.

என்னைக் கேட்க வந்துவிட்டாய், உன்னை யார் கேட்பது? நான் வாயைப் பொத்தியது ஒரு நிமிஷம். நீ கடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, மனுஷருக்கு ஒன்றும் செய்யாது என்று எழுதியது அப்படியே நிற்கிறது. துரை அதை டிஸ்பென்சரி ஐயாவிடம் காட்டி அவர் வாயை அடைத்துவிட்டார். அந்த மனுஷர் இப்போது எங்கள் வீட்டைத் தாண்டும்போது குடையைச் சாய்த்துக்கொண்டு போகிறார். எல்லாம் தெரிந்த பிறகு நீ துரைக்கு மாற்றி எழுதினாயா? எழுதியிருக்கமாட்டாய். நம் அப்பனுக்குப் பிறந்த இரண்டு பேரும் ஒரே மாதிரிதான். நீ தராசின் பின்னால் நிற்கிறாய், நான் இஸ்தோப்பில் நிற்கிறேன்.

வீரய்யாவுக்குத் தோள் இன்னும் ஆறவில்லை, படுத்துவிட்டான். வேறு ஆள் போட்டாயிற்று. துரை இன்னும் ஆறு டின் கேட்டு உனக்கு எழுதியிருப்பார். அனுப்பாமல் இருந்துவிடு, அப்போது உன்னை நான் அண்ணன் என்று மதிக்கிறேன்.

இப்படியெல்லாம் எழுத உட்காரவில்லை அண்ணா. சீதையை அனுப்பு. வருஷப் பிறப்புக்காவது அனுப்பு. அவளுடைய பாவாடை கொடியில் கிடக்கிறது, எடுத்து மடிக்க எனக்கு மனசு வரவில்லை. லயத்துப் பெண்கள் முன்னைப் போலத்தான் எழுந்து நிற்கிறார்கள், கும்பிடுகிறார்கள். ஆனால் ஒருத்தியும் என் முன்னால் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்குவதில்லை. வீட்டில் சத்தமே இல்லை. அவர் வந்து சாப்பிட்டு எழுந்தால் அன்றைய பேச்சு முடிந்தது. அவள் வந்து என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உன் வீட்டுக்காரியே கூட்டிக்கொண்டு வரட்டும். மதினி என்று கூப்பிட்டு வாசலில் வந்து நிற்கிறேன். என் பிள்ளையை எனக்குக் கொடு.

பூரணி


லிந்துலை
22-4-1937

பூரணிக்கு,

சீதை இங்கே இல்லை.

துரையின் ஓடர் வந்தது. ஆறு டின் கொழும்பிலிருந்து எடுத்து, வழக்கம் போல வீட்டின் கீழ் அறையில் அடுக்கினேன். சீதையும் அன்னம்மாவும் படுக்கிற அறை அதற்கு மேலே. டின் இறங்குகிற சத்தம் கேட்டுப் பிள்ளை மாடிப்படியில் வந்து நின்று பார்த்தாள். அன்றிரவு அன்னம்மா எனக்கு இலை போடவில்லை. "அந்த டிஸ்பென்சரி ஐயாகிட்ட போயி உள்ளதச் சொல்லிட்டு வாங்க, அப்புறம் சோறு போடுறேன்" என்றாள். கடையில் ஆள் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். உனக்குத் தெரியும், அடுத்த வாரமும் நான் போயிருக்கமாட்டேன். அவளுக்கும் தெரிந்துவிட்டது. வருஷப் பிறப்பன்று காலை ரயிலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வட்டகொடைக்கு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளையை அவள் கூப்பிடவில்லை. சீதைதான் தானாகவே போய்த் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ஸ்டேஷன் கடையில் ரயில் வந்து நின்ற நேரம். அன்னம்மாவின் அப்பன் தேத்தண்ணி ஆற்றுகிறான், அன்னம்மா கிளாஸ் கழுவுகிறாள், என் மகள் அதை வாங்கித் துணியால் துடைத்து அடுக்குகிறாள். நாகலிங்கம் முதலாளி மகள்! ரயில் போன பிறகு கிட்டப் போய், "வாம்மா வீட்டுக்கு" என்றேன்.

"டின்னெல்லாம் போயிருச்சாப்பா?" என்று கேட்டாள்.

இல்லை, இந்த வாரம் போகும் என்றேன். எங்கே போகும் என்று கேட்டாள். அத்தை தோட்டத்துக்கு என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு உள்ளே போனவள் திரும்ப வெளியே வரவில்லை. அன்னம்மாதான் வந்து, "அடுத்த ரயிலுக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன் கடிதத்தைக் கொண்டுபோயிருந்தேன், மதினி என்று எழுதியிருந்தாயே, அதைக் காட்டலாமென்று. அன்னம்மா வாங்கி வாசித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அவளைப் போய்க் கூட்டிவர நீ முயற்சி செய்யாதே. எனக்குக் கிடைக்காதது உனக்கும் கிடைக்காது.

ஆறு டின் வியாழக்கிழமை ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்துவிடும். மாப்பிள்ளையிடம் சொல்லி ஆள் அனுப்பச் சொல்.

நாகலிங்கம்